அரை நிமிட அமைதி

என் அக்கா பேசாமல் இருக்கத் தெரிந்தவள். கல்லூரியில் மூன்று பாடங்களில் நான் தோற்றுப்போன அன்று மொட்டைமாடியில் போய் ஒளிந்துகொண்டேன். காய்ந்த துணி எடுக்க வந்தவள் என்னைப் பார்த்தாள். துணியை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. சாப்பிட வா என்று கூப்பிடவில்லை. தெருவிளக்கு எரியும்வரை அப்படியே இருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

எங்கள் வீடு மயிலாப்பூரில், எங்கள் பங்கு மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் இருக்கிறது. சுற்றி இருக்கும் சொந்தக்காரர் வீடுகளில் பாதிப் பேர் ஆசிரியர்கள், மீதிப் பேர் நர்ஸுகள். அக்காவும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள். அத்தான் திடீரென்று தவறிய பிறகு, வகுப்பில் நின்று பேச முடியவில்லை என்று முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டாள். வெகுநாள் வீட்டோடு கிடந்தாள். பிறகு ஞாயிறு பூசை முடிந்து யாரோ சொல்லி, அடையாறில் ஒரு தொலைபேசி சேவைக்குப் போக ஆரம்பித்தாள். மனம் உடைந்தவர்கள் கூப்பிட்டால் எடுத்துக் கேட்கிற இடம் அது. அங்கே புத்திமதி சொல்வதில்லை, வழி காட்டுவதில்லை. காது கொடுப்பது மட்டும்தான் வேலை. ஒரு பழைய வீட்டின் மாடியில் சில அறைகள், சில போன்கள், முறை வைத்து வந்து உட்காரும் தொண்டர்கள். அக்காவுக்குச் செவ்வாயும் வெள்ளியும்.

"இதுக்குத்தான்டா நான் லாயக்கு," என்றாள் ஒருநாள். தன்னைப் பற்றி அவள் இவ்வளவு சொன்னதே அதிகம்.

அங்கிருந்த போன்கள் ரொம்பப் பழையவை. நான் தி. நகரில் ஒரு சிறிய கம்பெனியில் இருக்கிறேன். கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இன்டர்நெட் வழியாகப் பேசுகிற போன் அமைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். "நம்ம இடத்துக்கும் செஞ்சு குடுடா," என்று அக்கா கேட்டாள். முதலாளியிடம் சொல்லி, ஒரு இடத்திலிருந்து கழற்றிய நல்ல பெட்டி ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வருகிற அழைப்புகளுக்கும் உள்ளே இருக்கும் போன்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது அது. செஷன் பார்டர் கன்ட்ரோலர் என்று பெயர், நாங்கள் எஸ்.பி.சி. என்போம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரிதான். யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது, எந்த அழைப்பை எப்போது முடிப்பது என்றெல்லாம் அதற்குச் சொல்லி வைக்கலாம். சொன்னதைத் தவறாமல் செய்யும். சொல்லாததைச் செய்யாது.

அதற்குச் சில மாதம் முன்பு தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு இதே மாதிரிப் பெட்டி வைத்திருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் கடை. தீபாவளி நெருக்கத்தில் கடை முதலாளி கூப்பிட்டார். "தம்பி, எப்பப் போட்டாலும் பிஸின்னே வருதுங்காங்க. யாவாரம் கெட்டுப்போவும் பாத்துக்கிடுங்க." என்னோடு வேலை செய்கிறவர், சைதாப்பேட்டைக்காரர், போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், அங்க பேசறவனே இல்ல. போன் கால் மட்டும் சும்மா தொங்கிக்கினு கீது." பேசி முடித்தவர்கள் போனைச் சரியாக வைக்காமல் போய்விட, அந்த அழைப்புகள் உயிரில்லாமல் லைனை அடைத்துக்கொண்டிருந்தன. நான் பெட்டியில் ஒரு வரி எழுதினேன். இரண்டு பக்கமும் அரை நிமிடம் சத்தமே வராவிட்டால் அழைப்பை முடித்துவிடு. அன்றைக்கே லைன்கள் விடுபட்டன. முதலாளி எனக்கு ஒரு சட்டைத்துணி எடுத்துக் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடையாறுக்குப் பெட்டி கொண்டுபோனபோது, புதிதாக எழுத அலுப்புப்பட்டு, ஜவுளிக்கடைக்கு எழுதியிருந்ததை அப்படியே அதில் ஏற்றினேன். பெயரையும் எண்களையும் மட்டும் மாற்றினேன். அந்த வரியும் கூடவே போனது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். பயன்படும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அந்த வீட்டில் இன்டர்நெட் பலவீனம். முதல் நாளே குரல் விட்டுவிட்டுக் கேட்டது. அதற்காக இன்னொன்று செய்தேன். பேச்சு இல்லாத இடைவெளியில், மூச்சு, மின்விசிறிச் சத்தம் உட்பட, லைனில் எதையுமே அனுப்பாதே என்று வைத்தேன். பளு குறைந்து குரல் தெளிந்தது. அழைப்பவரின் எண் தொண்டர்களுக்குத் தெரியக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். அதையும் மறைத்தேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் பேங்கில் ஓய்வுபெற்ற ஒரு அம்மா. எல்லோரும் மேடம் என்போம். போனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "பக்கத்தாத்துலேந்து பேசற மாதிரின்னா இருக்கு!" என்று சிரித்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை திருப்தி. இதை இப்போது எழுதும்போது அந்தப் பார்வைதான் முதலில் வந்து நிற்கிறது.

மழைக்காலம் முடிந்து கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுக்க அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் சரியில்லை. என் மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் கேட்டேன்.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணுமில்ல. எங்கிட்டப் பேசறவங்க வச்சிடறாங்கடா."

"யாரு?"

"போன் பண்றவங்க. எல்லாரும் இல்ல. பேச்சு வராம இருப்பாங்க பாரு, அவங்க. நான் காத்துக்கிட்டிருக்கேன். டக்குன்னு லைன் போயிடுது. மத்தவங்களுக்கு இவ்ளோ ஆகறதில்ல. எனக்குத்தான்."

நான் அப்போது டிவியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆளுக்கு ஆளு வைக்கறதுதான்க்கா. நீ இப்படி உம்முன்னு இருந்தா அவங்க பயந்துக்குவாங்க. கொஞ்சம் பேசிக்கிட்டே இரேன்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். "மேடமும் அதைத்தான் சொன்னாங்க," என்றாள்.

தொழில் தெரிந்தவன் நான். என் பெட்டி வழியாகப் போகிற அழைப்பு பாதியில் அறுந்துபோகிறது என்று என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து ஒருத்தி சொல்கிறாள். ஜவுளிக்கடைக்காரர் சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் லேப்டாப்பைத் திறந்திருப்பேன். அக்கா சொன்னதால், அது அவள் சுபாவத்தின் கோளாறு என்று எடுத்துக்கொண்டேன்.

பொங்கலுக்குப் பிறகு மேடம் என்னைக் கூப்பிட்டார். வேறொரு தொண்டர், புதிதாகச் சேர்ந்தவர், கொஞ்சம் கூச்ச சுபாவம். அவருக்கும் அழைப்புகள் அறுந்துபோகின்றனவாம். "உங்க அக்காவை அடுத்த மாசத்துலேந்து ஆபீஸ் வேலை பாக்கச் சொல்லியிருக்கேன். அவா மனசு கஷ்டப்படறா. இப்போ இவருக்கும் அதேன்னா? எதுக்கும் ஒரு தடவை வந்து பாருங்கோளேன்."

அக்காவைப் போனிலிருந்தே எடுக்கப்போகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். அவள் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன். அக்காவுக்கு அங்கே அது கடைசி வெள்ளிகளில் ஒன்று. மாடிக்குப் போவதற்கு முன், எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என் மொபைலிலிருந்து சேவையின் எண்ணுக்குப் போன் செய்தேன். வெளியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தால்தான் கோளாறு வெளியிலா உள்ளேயா என்று தெரியும். யார் எடுத்தாலும், தெருச் சத்தம் போகாமல் மொபைலை மியூட்டில் போட்டு, ஒன்றும் பேசாமல் இருந்து பார்ப்பது என்று தீர்மானம்.

அக்காதான் எடுத்தாள்.

"வணக்கம். சொல்லுங்க."

நான் பேசவில்லை.

"உடனே பேசணும்னு இல்ல. மெதுவா. நான் வைக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை. நான் கேட்டது வெறும் அமைதி இல்லை. போனில் ஒருவர் சும்மா இருந்தால்கூட மூச்சோ மின்விசிறியோ தெரு வண்டியோ ஏதாவது கேட்கும். இங்கே எதுவும் இல்லை. பேச்சில்லாதபோது எதையும் அனுப்பாதே என்று நான்தானே சொல்லியிருந்தேன். அந்தப் பக்கம் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி காதில் வைத்தேன். டக்கென்று அறுந்தது.

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. இருந்தும் உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை கூப்பிட்டேன்.

"வணக்கம்," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "முன்னாடி கூப்பிட்டது நீங்களாங்க? லைன் போயிடுச்சு. நான் வைக்கலங்க. சத்தியமா நான் வைக்கல," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இருக்கீங்களா? இருங்க. அவசரமே இல்ல."

மறுபடி அந்த ஆளில்லாத அமைதி. மறுபடி அறுந்தது.

டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே வைத்துவிட்டு மாடிப்படி ஏறினேன். பேசாதபோது லைனில் எதுவும் போகாததால் பெட்டிக்கு அது செத்த அழைப்பு. ஒரு அழைப்பு உயிரோடு இருப்பதற்கு யாராவது ஒருவர் பேசிக்கொண்டிருக்க வேண்டும். மற்றத் தொண்டர்கள் நடுநடுவே ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அழைப்பு அறுந்துபோகாமல் நீடித்தது. என் அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு பேசாமல் காத்திருந்தாள். அவள் எவ்வளவு நன்றாகக் காத்திருந்தாளோ அவ்வளவு சீக்கிரம் நான் வைத்த வரி அவள் போனை அறுத்தது.

அறையில் அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாடா. இப்பகூட ஒருத்தங்க. ரெண்டு தடவ பண்ணாங்க. ஒரு வார்த்தை பேசல. ரொம்ப முடியாம இருக்காங்கபோல. மறுபடி பண்ணுவாங்களான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"அக்கா, அது நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை. "எது?"

"இப்பப் போன் பண்ணது. டெஸ்ட் பண்றதுக்காகப் பண்ணேன். வச்சது நீயும் இல்ல, அவங்களும் இல்ல. பெட்டிதான் கட் பண்ணுது. நான்தான் அப்படிப் போட்டு வச்சிருக்கேன்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜவுளிக்கடை, அரை நிமிடம், இன்டர்நெட் பளு. அவள் இடையில் எதுவும் கேட்கவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தன் மேல் தப்பில்லை என்று தெரிந்து நிம்மதிப்படுவாள் என்றும் கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"போன் மாத்தின நாள்லேர்ந்து."

"வைக்க மாட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்டா," என்றாள். "அப்ப அவங்கல்லாம் நான்தான் வச்சேன்னு நெனச்சிருப்பாங்க இல்ல?"

லேப்டாப்பைத் திறந்தேன். அமைதியாக இருந்தால் முடித்துவிடு என்ற வரியை எடுத்தேன். பேச்சில்லாதபோதும் அனுப்பு என்று மாற்றினேன். பளு கூடினால் குரல் உடையுமே என்று, அந்த வீட்டு வாசலில் உபயோகமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த இரண்டு கேமராக்களை இன்டர்நெட்டிலிருந்து பிடுங்கினேன். அவ்வளவுதான் வேலை. எதிர்க்கடையில் இன்னொரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அக்காவை ஒரு போனை எடுக்கச் சொல்லி நான் பக்கத்து அறையிலிருந்து மொபைலில் கூப்பிட்டேன். இருவரும் பேசாமல் இருந்தோம். அவள் அறையின் மின்விசிறி கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சியது கேட்டது. அறுந்துபோகவில்லை. நானேதான் வைத்தேன்.

மேடம் வந்ததும் அவரிடமும் சொன்னேன். அவர் முதலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைப் போய் நான் பேசச் சொன்னேனே. மன்னிச்சுடுங்கோ." பிறகு என்னிடம் திரும்பி, "நீங்க தெரிஞ்சா பண்ணினேள்? விடுங்கோ," என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். பெட்டிக்குள் சமீபத்திய அழைப்புகளின் எண்கள் பதிவாகி இருக்கும். தொண்டர்களுக்குத் தெரியாது, என் பாஸ்வேர்டுக்குத் தெரியும். அறுந்துபோன அழைப்புகளைப் பிரித்து எடுக்கலாம். "கூப்பிட்டுச் சொல்லிடலாம் மேடம். தப்பு எங்களுதுன்னு ஒரு வார்த்தை. நானே சொல்றேன்."

மேடம் யோசித்தார். அவருக்கும் ஆசைதான். அக்காதான் வேண்டாம் என்றாள்.

"அவங்க வீட்ல யார் போனை எடுப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

நான் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தேன்.

"புருஷனுக்குத் தெரியாமப் பண்ணியிருப்பா ஒருத்தி. அம்மாவோட போன்லேர்ந்து பண்ணியிருப்பான் ஒரு பையன். நாம திருப்பிக் கூப்பிட மாட்டோம்னு நம்பித்தான்டா கூப்பிடறாங்க. உனக்கு மனசு ஆறணுங்கறதுக்காக அதையும் உடைக்கறதா?"

என்னிடம் அவ்வளவு கறாராக அவள் பேசியது அதுதான் முதல் முறை. உண்மையும் அதுதான். அந்தப் போன்களை நான் செய்ய நினைத்தது எனக்காக. யாராவது ஒருவர் "பரவாயில்லங்க" என்று சொல்ல வேண்டும் என்பதற்காக.

பதிவுகளை அழித்தேன். இனிமேல் எண்கள் சேராதபடியும் வைத்தேன். அழிப்பதற்கு முன் திரையில் கண்ணை ஓட்டாமல் இருக்க முடியவில்லை. ஒரே எண் பலமுறை அடுத்தடுத்து வந்திருந்தது. ஒவ்வொன்றும் அரை நிமிடத்தில் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த எண்ணே இல்லை. எண்ணை நான் மனப்பாடம் செய்துகொள்ளவில்லை என்று சத்தியம் செய்ய முடியும். கடைசி இலக்கங்களைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினேன்.

அதன் பிறகு சில வாரம் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டது. வேலை விஷயமாகச் சைதாப்பேட்டையில் ரயில் ஏறினால், போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பவர்களையே பார்ப்பேன். இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று அதற்குமுன் கவனித்ததில்லை. கோடம்பாக்கம் வருவதற்குள் ஒரு பெண் என்னை முறைத்துவிட்டு, "இன்னா சார், இன்னா வோணும் ஒனக்கு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். ரயில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "ஒண்ணுமில்லம்மா, தெரிஞ்சவங்க மாதிரி இருந்துச்சு," என்று சொல்லி இறங்கி, அடுத்த ரயிலுக்கு நின்றேன்.

அக்கா செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் திரும்பப் போனாள். அங்கே யார் என்ன பேசினார்கள் என்பதை வெளியில் சொல்லக் கூடாது; அவள் சொல்லவும் மாட்டாள். ஒரே ஒரு முறை, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய சமயம், கோயிலிலிருந்து நடந்து வரும்போது அவளாகவே, "ஒருத்தங்க திரும்பப் பண்ணாங்கடா. இப்பவும் வச்சிடுவீங்களான்னுதான் மொதல்ல கேட்டாங்க," என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"போன்ல கோளாறு இருந்துச்சு, சரி பண்ணியாச்சுன்னு சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"பேசினாங்க," என்றாள். ஆணா பெண்ணா, எந்த வயது, எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஒருவர் திரும்பி வந்தது எனக்குக் கொஞ்ச நாள் ஆறுதலாக இருந்தது. பிறகு வராதவர்களைப் பற்றிய நினைப்பு அந்த ஆறுதலையும் எடுத்துக்கொண்டது.

போன மாதம், கரண்ட் போனால் பெட்டியை ஓட்டுகிற பேட்டரியை மாற்ற அங்கே போயிருந்தேன். பேட்டரி வைத்திருக்கும் அலமாரி அக்கா உட்காரும் அறைக்கு வெளியே. கதவு சாத்தியிருந்தாலும் குரல் கேட்கும். யாரோ அந்தப் பக்கம் பேசாமல் இருந்திருக்க வேண்டும். அக்கா கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை "ம்" என்றாள். மறுபடி "ம்". மறுபடி. கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. லைன் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வதற்கு மட்டும்தான் அந்தச் சத்தம். நான் ஸ்குரூ டிரைவரோடு அப்படியே நின்றேன். அந்த அழைப்பு முடிகிறவரை அவள் ஒருமுறைகூட முழுதாக அமைதியாக இல்லை.

அவள் வெளியே வந்ததும் சொன்னேன். "இப்ப நீ எவ்வளவு நேரம் வேணா பேசாம இருக்கலாம்க்கா. கட் ஆகாது. நான் பாத்துட்டேன்."

"தெரியும்டா."

"அப்புறம் ஏன்?"

அவள் கைப்பையின் ஜிப்பை மூடினாள். "முடியல. கொஞ்ச நேரம் ஆச்சுன்னா நெஞ்சு படபடங்குது. போயிடுச்சோ, போயிடுச்சோன்னு. தானா வருது அந்த 'ம்'."

"சரியாயிடும்," என்றேன். எனக்கே நம்பிக்கையில்லாமல்.

"ஆவட்டும்," என்றாள். "வேலை முடிஞ்சுதா? என்னை அபிராமபுரத்துல இறக்கி விட்டுடு. மருந்து வாங்கணும்."

வண்டியை எடுத்தேன். அவள் பின்னால் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அடையாறு பாலத்தில் நெரிசல். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் ஊர்ந்துகொண்டிருந்தோம்.